பின்பக்க பால்கனி: அறை எண் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வரும் பிப்ரவரியில் அப்பா அம்மாவுக்கு 40-வது கல்யாண நாள். டர்பனிலிருந்து மொசாம்பிக் பக்கம் போய்வரும் 4 இரவுக் கப்பலில் அவர்களை அனுப்ப நானும் தம்பியும் பணம் சேர்த்திருக்கிறோம். கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்த பால்கனியில் உட்கார்ந்து, கடந்து வந்த கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் அம்மாவுக்குக் காரில் போனாலே தலை சுற்றும். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஏஜென்ட் 'பின்பக்க பால்கனி கியாரண்டி' என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் டெபாசிட் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை ஒரு ரேண்ட் கூடக் கட்டாதீர்கள், சகோதரி.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்தியது அம்மாவின் தலைசுற்றல் இல்லை, அந்த 'கியாரண்டி' என்ற சொல்தான். நம் காதில் அது உறுதிமொழி போல விழுகிறது. கப்பல் முன்பதிவில் அதற்கு அர்த்தம் வேறு. நீங்கள் பணம் கட்டும் பிரிவில் உங்களுக்கு ஓர் அறை நிச்சயம், எந்த அறை என்பதைக் கம்பெனி பிறகு பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் பொருள். விலை குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். புறப்படச் சில நாள் இருக்கும்போதுதான் எண் வருவதும் உண்டு. பால்கனி என்று கட்டினால் பால்கனி கிடைக்கும். அது கப்பலின் எந்த மூலையில் இருக்கும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது, உங்கள் ஏஜென்ட் உட்பட.

இன்னொரு சிக்கல் 'பின்பக்கம்' என்ற சொல்லில் இருக்கிறது. கப்பலின் வால் பகுதியில் இருந்துகொண்டு பக்கவாட்டுக் கடலைப் பார்க்கும் அறையையும் 'ஆஃப்ட் பால்கனி' என்றே விற்கிறார்கள். பின்பக்கத்தில் இருக்கும் அறை வேறு, பின்பக்கத்தைப் பார்க்கும் அறை வேறு. அம்மா கேட்பது இரண்டாவது. ஒரு கப்பலில் அப்படிப்பட்ட அறைகள் மிகக் குறைவு, ஒவ்வொரு தளத்திலும் பின்சுவரில் எத்தனை அடங்குமோ அத்தனைதான்.

என் மச்சினிக்கு இது நடந்தது. குடும்பங்களைச் சேர்த்து மொத்தமாக அறை எடுத்துத் தருகிற ஒருவரிடம் ரொக்கமாகப் பணம் கொடுத்தார். பின்பக்க அறை என்று அவர் வாயால் சொன்னார், காகிதத்தில் இல்லை. ஏறிப் பார்த்தால் பக்கவாட்டு அறை, அதற்கு நேர் மேலே பஃபே. விடியற்காலை ஐந்தரைக்குத் தலைக்கு மேல் நாற்காலிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம், நான்கு நாளும். திரும்பி வந்து கேட்டபோது, கம்பெனி மாற்றிவிட்டது என்றார் அந்த மனிதர். கம்பெனியைக் கேட்டால், பின்பக்க அறை வேண்டும் என்று யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை என்றார்கள். மச்சினி அன்றைக்கு அழுததை நான் மறக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கப்பல்களில் கேபின் பொறுப்பில் இருந்தவன் நான். என் வீட்டிலேயே இப்படி நடந்தது.

அதனால் ஏஜென்டிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கேபின் நம்பர் என்ன? வாட்ஸ்அப்பில் 'கன்ஃபர்ம்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதாது. கப்பல் கம்பெனியின் பெயரில் வரும் உறுதிச்சீட்டில் அப்பா அம்மா பெயரும், முன்பதிவு எண்ணும், அறை எண்ணும் இருக்க வேண்டும். அந்த முன்பதிவு எண்ணை வைத்துக் கம்பெனிக்கு நீங்களே போன் செய்து சரிபாருங்கள். காத்திருக்க வைப்பார்கள், பாட்டுப் போடுவார்கள், வேறு ஆளிடம் மாற்றுவார்கள். இவ்வளவு பணம் வாங்குகிறவர்கள், ஓர் அறை எண்ணைச் சொல்ல ஒருவரை அரை மணி நேரம் தொங்கவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இருந்தாலும் காத்திருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் என்று அவசரப்படுத்துகிறவர் எண்ணைத் தராவிட்டால், சனிக்கிழமை வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

எண் கிடைத்ததும் அந்தக் கப்பலின் தள வரைபடத்தை எடுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் அறையின் மேல் விரலை வையுங்கள். அப்புறம் அதே இடத்தில் மேல் தளத்தில் என்ன, கீழ்த் தளத்தில் என்ன என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நல்லது. மேலே சாப்பாட்டுக்கூடமோ நீச்சல்குளமோ, கீழே நடனக்கூடமோ இருந்தால் வேறு அறை கேளுங்கள்.

இப்போது அம்மாவின் தலைசுற்றலுக்கு வருவோம். பிள்ளைகள் ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுவில் உட்கார்ந்தவர் அதிகம் அசையமாட்டார். கப்பலும் அப்படித்தான். அலையில் முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டமோ, மேலே போகப் போகக் கூடும். ஆகவே தலைசுற்றல் உள்ளவருக்கு நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உள்ள அறைதான் பொருத்தம். உங்கள் அம்மா கேட்கும் அறை இதற்கு நேர் எதிர்.

இதோடு அதிர்வும் இருக்கிறது. கப்பலைத் தள்ளும் புரொப்பல்லர்கள் பின்பக்கம், தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. நடுக்கடலில் அது ஒரு மெல்லிய ரீங்காரம், சிலருக்குத் தாலாட்டு மாதிரி. துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பலைத் திருப்பும்போதுதான் தெரியும். மேசையில் தண்ணீர் வைத்த கண்ணாடித் தம்ளரைப் பாருங்கள்: தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாகச் சிற்றலை ஓடும், தம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிடும்.

நம் கரையின் கடலும் லேசுப்பட்டதில்லை. அகுல்ஹாஸ் நீரோட்டம் வடக்கிலிருந்து தென்மேற்காகக் கரையை ஒட்டி வேகமாக ஓடுகிறது. தென்மேற்குக் காற்று அதற்கு எதிராக அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும். டர்பனிலிருந்து வடக்கே போகும்போது அந்த அலை பின்னாலிருந்து வந்து கப்பலின் வாலைத்தான் தூக்கும். பிப்ரவரி புயல் காலமும்கூட. 2023-இல் ஃப்ரெடி புயல் மொசாம்பிக்கில் இரண்டு முறை கரையேறியது, பிப்ரவரியில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை. புயல் வந்தால் கப்பல் அதன் வழியில் போகாது, பயணத் திட்டத்தை மாற்றிவிடுவார்கள். ஆனால் தூரத்துப் புயலின் அலை டர்பன் வரைக்கும் வரும்.

அப்பாவின் முழங்காலுக்கு இரண்டு விஷயம். லிஃப்டிலிருந்து அறை எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். முந்நூறு மீட்டர் கப்பலில் வால் வரைக்கும் நடப்பது சின்ன நடை இல்லை. மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவு போன்ற இடங்களில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது, சிறு படகில் இறங்கி ஏற வேண்டும். முடியாவிட்டால் கப்பலிலேயே இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள்.

பின்பக்க பால்கனியில் நல்லதும் உண்டு. கப்பல் ஓடும்போது முன்காற்று அங்கே அடிக்காது. வடக்கே போகும்போது பால்கனி தெற்கைப் பார்க்கும், நம் நாட்டில் உச்சி வெயில் வடக்கிலிருந்து வருவதால் பகலில் நிழல் கிடைக்கும். திரும்பும்போது வெயில். புகைபோக்கியின் கரித்துகள் சில நாள் வந்து விழும், வெள்ளைத் துண்டைக் காயப்போட்டால் தெரியும். சில கப்பல்களில் பால்கனிகள் படிப்படியாக இருக்கும், மேலே நிற்பவர் குனிந்தால் கீழே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கலாம்.

டெபாசிட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை ஏஜென்டுகள் மூடி மறைக்கிறார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுவார்கள். நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, அவர்கள் பிடித்தம் செய்யலாம், ஆனால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். அதிலும் ஒரு விதிவிலக்கு: யாருக்காக முன்பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துபோனாலோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாலோ பயணம் நடக்காவிட்டால் ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது. 'யாருக்காக' என்பதைக் கவனியுங்கள். பணம் கட்டுவது நீங்கள். பயணம் போவது அப்பாவும் அம்மாவும். ஆகவே மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டியது நீங்கள் இல்லை, அவர்கள். அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை அந்த வாரம் வந்து அவரை மருத்துவமனையில் சேர்த்தால் இது பொருந்தும். டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் பொருந்தாது. மருத்துவமனையில் சேர்த்த தேதியும் வெளிவந்த தேதியும் உள்ள கடிதத்தை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் வாதாடி என் நண்பர் ஒருவர் மாதக்கணக்கில் அலைந்தார். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரி. சட்டத்தில் தெளிவாக இருப்பதைப் பெற ஒரு மனிதர் இத்தனை முறை கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஒரு பக்கவாட்டு பால்கனி அறையை எண்ணோடு எடுப்பேன். லிஃப்ட் பக்கம், அப்பாவுக்கும் வசதி. அம்மாவின் தலைசுற்றலுக்கு என்ன மாத்திரை, எப்போது போடுவது என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போடும் மாத்திரை அவ்வளவாக உதவாது.

அம்மாவின் ஆசையையும் விட வேண்டாம். கப்பலின் பின்பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான திறந்த தளம் இருக்கும், அதற்குத் தனிக் காசு இல்லை. கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே அப்பா அங்கே இரண்டு நாற்காலி பிடித்துவிடட்டும். பின்னால் பார்த்து உட்கார்ந்தால், துறைமுக வாயைத் தாண்டும்போது இடது கைப்பக்கம் பிளஃப் மலைமுனை. வலப்பக்கம் கடற்கரை, அதற்கப்பால் மோசஸ் மபிதா ஸ்டேடியத்தின் வளைவு. நடுவில் கப்பல் விட்டுச் செல்லும் நுரையின் வெள்ளைத் தடம் துறைமுகம் வரைக்கும் நீண்டு கிடக்கும்.