அக்மார்க் பாரம்பரியம்

கேள்வி: புது வீட்டின் வரவேற்பறையை நம் தஞ்சாவூர் ஓவியம் மாதிரி அந்நியக் கலப்பே இல்லாத, அக்மார்க் பாரம்பரியக் கைவினைப் பொருட்களால் மட்டுமே அலங்கரிக்க ஆசை. எதையெல்லாம் வாங்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: தரலாம். ஆனால் உங்கள் நிபந்தனைப்படி பார்த்தால் பட்டியலில் முதலில் அடிபடுவதே தஞ்சாவூர் ஓவியம்தான்.

அதை வளர்த்த ஓவியர்களில் பலர் தெலுங்கு பேசும் ராஜு சமூகத்தினர். ஆதரித்தவர்கள் மராட்டிய மன்னர்கள். பலாப் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த கலவையால் நகையையும் தூணையும் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். நடுவில் வெண்ணெயோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன் நம் வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமில்லை. அவர் தலைக்கு மேலுள்ள வளைவையும் திரைச்சீலையையும் பாருங்கள், அது தர்பார். தஞ்சாவூர்த் தட்டும் தப்பாது. அதற்கும் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியைத்தான் கைகாட்டுகிறார்கள். அவர் ஆண்டது 1798 முதல் 1832 வரை.

சரி, தஞ்சையை விடுங்கள். கர்நாடகத்தின் பீதர் நகரத்துப் பித்ரி வேலையைப் பார்த்திருப்பீர்கள். கன்னங்கரேலென்ற பாத்திரத்தில் வெள்ளிக் கொடியும் பூவும் மின்னும். தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான்கள் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களோடு வந்த கலை என்று பீதரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தக் கறுப்பு, சாயம் இல்லை. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து, மண் அச்சில் வார்த்து, அரத்தால் ராவி வழவழப்பாக்குகிறார்கள். கோடு தெரிவதற்காக மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கறுப்பாக்கி, உளியால் பூவேலை செதுக்குகிறார்கள். அந்தப் பள்ளங்களில் வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டி இறக்குகிறார்கள். மறுபடி தேய்த்துப் பளபளப்பாக்கும்போது எல்லாமே ஒரே வெள்ளையாகிவிடும். செய்த வேலை கண்ணுக்கே தெரியாது. அப்புறம்தான் வித்தை. பீதர் கோட்டையில் வெயிலும் மழையும் படாமல் கிடந்த பழைய மண்ணை எடுத்து, நவச்சாரத்தோடு (அம்மோனியம் குளோரைடு) நீரில் கலந்து, சூடாக்கிய பாத்திரத்தின் மேல் தேய்க்கிறார்கள். துத்தநாகக் கலவை மட்டும் கறுத்துப்போகிறது, வெள்ளி அசைவதில்லை. எந்த மண் உதவும் என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லும் கைவினைஞர்கள் அங்கே உண்டு.

பழைய பித்ரிப் பொருட்களில் நிறைய எவை தெரியுமா? ஹூக்கா குடுவைகள். புகையிலை அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சரக்கு. பாரசீகக் கைத்திறன், அமெரிக்கப் புகை, பீதர் மண். இதில் எதைக் கழித்துவிட்டு எதை உங்கள் வரவேற்பறையில் வைப்பீர்கள்? (பெருமைப்பட்டே ஆகவேண்டும் என்றால் துத்தநாகத்துக்குப் பெருமைப்படுங்கள். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் அதை வடித்தெடுக்கக் காப்புரிமை வாங்கியது 1738இல். ராஜஸ்தானத்து ஜாவர் சுரங்கத்தில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மண் குடுவைகளில் அந்த வேலை மும்முரமாக நடந்திருக்கிறது.)

சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளாவது தேறுமா என்று கேட்பீர்கள். வார்ப்பு அச்சுக்கான காவிரி வண்டல் மண் மட்டும் உள்ளூர். செம்பும் வெள்ளீயமும் காவிரிக் கரையில் வெட்டி எடுத்தவை அல்ல. சோழன் காலத்திலும் சரக்கு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். மதுபனி ஓவியம்? மிதிலைப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்தது. 1960களின் நடுவில் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பிழைப்புக்கு ஒரு வழியாகட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியம் அவர்களிடம் காகிதத்தைக் கொடுத்தது. பெரிய அளவில் காகிதத்துக்கு வந்து, வெளியூரில் விலைக்குப் போனது அப்புறம்தான். நீங்கள் சட்டம் போட்டு மாட்ட நினைக்கும் மதுபனிக்கு உங்கள் அப்பாவைவிட வயது குறைவாக இருக்கலாம்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருந்ததில்லை. சோழமண்டலக் கரையின் சாயத்துணிக்கு ஐரோப்பாவே கிறங்கிக் கிடந்தது. சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பு துவைக்கத் துவைக்க மங்காமல் நின்றது அவர்களுக்கு அதிசயம். உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் அந்தத் துணியை உடுத்துவதற்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்காக வரைந்த பூக்கள் எல்லாம் நம் தோட்டத்துப் பூக்களும் இல்லை. லண்டன் வியாபாரிகள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, நம் கைவினைஞர்கள் தங்கள் போக்கில் மாற்றி வரைந்தவை அவற்றில் ஏராளம். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். அதைக் கலப்பு என்றால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆகவே பூர்வீகம் விசாரிக்கும் வேலையை விடுங்கள். கலப்படம் பார்க்க வேண்டிய இடம் வேறு. ‘கலம்காரி’ (மேலே சொன்ன சாயத்துணி ஓவியம்தான்) என்ற பெயரில் இயந்திரத்தில் அச்சடித்த துணி கடைகடையாகக் குவிந்திருக்கிறது. காளஹஸ்தி பாணியில் எழுதுகோலால் வரைந்தது என்று சொல்லி விற்றால், ஒரே மாதிரியான இரண்டு பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் எழுதியதில் எங்காவது ஒரு கோடு தடித்திருக்கும், ஒரு இதழ் சாய்ந்திருக்கும். இரண்டும் அச்சு அசலாக இருந்தால் கையால் வரைந்ததற்கான விலையைக் கொடுக்காதீர்கள். மசூலிப்பட்டினத்துக்காரர்கள் மரக்கட்டை அச்சில் ஒற்றுகிறார்கள். அங்கே பூ திரும்பத் திரும்ப வரும், ஆனால் கட்டைக்குக் கட்டை சேருமிடத்தில் லேசான பிசகு தெரியும்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் சன்னபட்டணம் பொம்மை வாங்குங்கள். அதற்கும் திப்பு சுல்தான், பாரசீகம், ஜப்பானியக் கடைசல் நுட்பம் என்று ஒரு பூர்வீகக் கதை உண்டு. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிகிறது. அதன் மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்க்க, மினுமினுப்பு ஏறுகிறது. ஊர் பெங்களூரு–மைசூரு சாலையில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் பாரசீகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பூசியிருப்பது அரக்கா, பெயின்ட்டா என்று கேளுங்கள்.