வலிச்சொல் எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

பதினான்கு வயதாகும் என் மகள் நல்ல தமிழ் பேசுகிறவள். ஆனால் கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் 'அவுச்' என்கிறாள். மனம் நொந்தால் 'ஓ மை காட்', சில வேளைகளில் என் முன்னிலையிலேயே 'ஷிட்'. வலி தானாகப் பீறிடுவதல்லவா? அந்த நொடியிலும் ஆங்கிலம் வருமென்றால் அது நடிப்பா, அல்லது தாய்மொழி அவளுக்குள் இறங்கவே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். வலியில் எழும் ஓலம் வேறு, வலியைத் தெரிவிக்கும் சொல் வேறு. எலும்பு முறிந்தவரின் முதல் அலறலில் எந்த மொழியும் இருப்பதில்லை. அதற்கு அடுத்து வரும் 'ஐயோ', பிற சொற்களைப் போலவே, சுற்றியிருப்பவர்களிடம் கேட்டுப் பழகியது. 131 மொழிகளின் வலிச்சொற்களை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, வாய் அகலத் திறக்கும் அகர ஒலியும் 'ஐ', 'ஔ' போன்ற கூட்டொலிகளும் அவற்றில் மிகுந்து வருவதைக் கண்டது. அவ்வகையில் 'ஐயோ'வும் 'அவுச்'சும் பங்காளிகள்தாம்.

தானாகப் பீறிடுவது என்கிறீர்கள். புறநானூற்றின் 255-ஆம் பாட்டில், காட்டில் வீழ்ந்து கிடக்கும் கணவனருகே நிற்கும் பெண், 'ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே' என்கிறாள். வாழ்வின் மிகப் பெரிய துயரத்திலும் அவளால் அந்தச் சொல்லை நிறுத்திவைத்து, அதைச் சொன்னால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்க முடிகிறது. நம் வீடுகளிலோ புலி இல்லாமலே அதைத் தடுத்துவிட்டோம். ஐயோ என்பது எமனின் மனைவி பெயர், வாயில் வரக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டி வளர்த்த பிள்ளைகள், வகுப்பறையிலும் கார்ட்டூனிலும் கேட்ட, யாரும் தடுக்காத ஒரு சொல்லை அந்த இடத்தில் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

'ஷிட்' கதை வேறு. பன்மொழி பேசுவோரிடம் நடந்த ஆய்வுகள், வசைச்சொற்கள் பொதுவாக முதல்மொழியில்தான் மிகுதியாகச் சுடுகின்றன என்று காட்டியிருக்கின்றன. அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை உங்கள் மகள் உங்கள் முன் சொல்லியிருக்கமாட்டாள். ஆங்கிலத்தில் அதன் நாற்றம் அவளை எட்டவில்லை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸும் உடன் ஆய்வாளர்களும், வசைச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களால் பனிக்குளிர் நீரில் கையை அதிக நேரம் வைத்திருக்க முடிந்தது என்று 2009-இல் எழுதினார்கள்; வசைபோல ஒலிக்கும்படி புதிதாகப் புனைந்த சொற்களுக்கு அந்தப் பலன் இல்லை என்று 2020-இல் கண்டார்கள். சொல்லக்கூடாததைச் சொல்வதிலும் அந்த ஆற்றலில் ஒரு பங்கு இருக்குமானால், கூச்சமின்றி வரும் இரவல் வசை அவள் வலியை அதிகம் தணிக்காது என்பது என் ஊகம்.

என்னை உறுத்துவது தூய்மை பற்றிய கவலையன்று. நம் வலிச்சொற்களில் பல யாரையாவது அழைக்கின்றன: அம்மா, அப்பா, கடவுளே. 'அவுச்' யாரையும் அழைப்பதில்லை. 'ஓ மை காட்' கடவுளை விளித்தாலும், தேர்வுத்தாளைத் தொலைத்ததற்கும் தோழியின் புதுச் செருப்புக்கும் ஒரே குரலில் வருவதால், கேட்பவர் எழுந்து ஓடி வருவதில்லை. சிறு காயத்துக்கு அது போதும். 'பெரிதாக ஒன்றுமில்லை, நீங்கள் வர வேண்டாம்' என்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிவிடுகிறது. மன வேதனைக்கு அது போதாது, ஏனென்றால் அங்கே யாராவது வர வேண்டியிருக்கிறது.

ஆகவே விரல் நசுங்கும் நேரத்தில் சொல்லைத் திருத்தாதீர்கள். அடுத்த முறை வலியையே மறைப்பாள். 'ஓ மை காட்' என்று சொல்லிவிட்டுப் பேச்சற்று உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அருகே போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எந்த மொழியில் பதில் சொன்னாலும் முழுக்கச் சொல்லட்டும்.