"மேஸ்திரி ஆள்" என்றால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: என் தம்பி சென்ட்ரிங் வேலை செய்பவன். மூன்றாவது மாடியில் சாரப் பலகை நழுவி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "அவன் மேஸ்திரி ஆள், பெல்ட்டும் போடவில்லை" என்று கட்டுமான நிறுவனம் கைவிரிக்கிறது. மேஸ்திரியோ கொஞ்சம் பணம் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்துப் போடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம், சகோதரி. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் சட்டத்தில் அது செல்லாது. ஆனாலும் அதைக் காட்டியே பல குடும்பங்களை மிரட்டித் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

நிறுவனம் சொல்வது தவறு. தன் தொழிலுக்கான வேலையை ஒருவர் மேஸ்திரி போன்ற கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தாலும், தன் பொறுப்பில் உள்ள இடத்தில் கான்ட்ராக்டரின் ஆள் அடிபட்டால், வேலையை விட்டவரிடமும் இழப்பீடு கேட்கலாம். கொடுத்த பணத்தை அவர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் இருவர் பாடு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்த விதி இது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. (சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுபவர் விஷயம் வேறு. வீடு கட்டுவது அவருக்குத் தொழில் அல்ல. அங்கே பெரும்பாலும் கான்ட்ராக்டர்தான் பொறுப்பு.)

அப்புறம், பெல்ட். பெல்ட் கொடுத்தும் வேண்டுமென்றே போடாமல் இருந்ததால்தான் விபத்து என்றால் நிறுவனம் மறுக்கலாம். அதுவும் மரணத்திலோ, எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர முடக்கத்திலோ எடுபடாது. ஆனால் பெல்ட் கொடுத்தார்களா? கொக்கி மாட்டக் கயிறு கட்டியிருந்தார்களா? பலகையை யார் கட்டியது, யார் சரிபார்த்தது? இதையெல்லாம் கேளுங்கள். பலகை நழுவியதற்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சாரத்தைப் பிரிப்பதற்குள் படம் எடுத்துவிடுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயர், போன் எண், சம்பளம் வந்த போன்பே பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முக்கியமாக மருத்துவமனைப் பதிவேட்டைப் பாருங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதவைத்திருந்தால், உண்மையைச் சொல்லி மருத்துவரிடம் உடனே எழுத்தில் கொடுங்கள். தம்பிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் உதவி அந்த வழியாக வரும். இல்லையென்றால் நிறுவனம், மேஸ்திரி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தே தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.