நைட்ரோஃபுரன்டோயினோடு யூரல் பொடி கொடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அம்மாவின் சிறுநீர்த் தொற்றுக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கொடுத்தது நைட்ரோஃபுரன்டோயின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை என்கிறீர்கள். சிறுநீரில் அமிலம் இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். யூரல் அந்த அமிலத்தைக் குறைத்துச் சிறுநீர் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நேற்றிலிருந்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் எரிச்சல் போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரை வேலை செய்யவே ஓரிரு நாள் பிடிக்கும் என்பதும் உண்டு.

யூரல் பாக்கெட்டின் பின்புறம் சோடியம் அளவைப் பாருங்கள். ஒரு பொட்டலத்திலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு வேறு இருக்கிறதே! உப்பைக் குறைத்துச் சமைத்துவிட்டு இதை நாலு வேளை கரைத்துக் கொடுப்பதில் என்ன பிரயோஜனம்?

அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து வாங்கிவிடாதீர்கள். இரத்தக் கொதிப்புக்கு லோசார்டான் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், இதயத் துடிப்பையே பாதிக்கும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.

ஒன்று மட்டும்: காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் இந்த மாத்திரையே சரிவருமா என்று இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.