தண்ணீர் கிட், டீலர்ஷிப், ‘அமுக்கிவிட்டார்கள்’ என்ற பேச்சு

கேள்வி: நாமக்கல்லில் மூன்று லாரி வைத்திருக்கிறேன். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து இன்ஜினுக்குக் கொடுக்கும் ‘ஹெச்ஹெச்ஓ கிட்’டுக்கு மாவட்ட டீலர்ஷிப் தருவதாக ஒருவர் சொல்கிறார். டீசல் செலவு பாதியாகுமாம். எண்ணெய் கம்பெனிகள் அமுக்கி வைத்ததால்தான் வெளியே தெரியவில்லையாம். பேட்டன்ட் சான்றிதழும் காட்டினார். 6 லட்சம் கேட்கிறார். 25,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். பெரிய கம்பெனிகள் அப்படியெல்லாம் செய்யுமா? மீதிப் பணத்தைப் போடலாமா?

பதில்: முதல் கேள்விக்கு, செய்யும். இரண்டாவதற்கு, போடாதீர்கள்.

உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. டீசல் வண்டியின் புகையைச் சுத்தப்படுத்த ஆட்புளூ ஊற்றுகிறோமே, அந்த டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை டைம்லர், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் குழுமம் மூன்றும் கார்களுக்காகக் கூடிப் பேசி முடிவு செய்தன. சட்டம் கேட்பதைவிட நன்றாகப் புகையைச் சுத்தப்படுத்தும் நுட்பம் கையில் இருந்தும், அதில் ஒருவரோடொருவர் போட்டி போடுவதில்லை என்று 2009 முதல் 2014 வரை ஒத்துப்போனார்கள். ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூலையில் 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. டைம்லருக்கு மட்டும் அபராதம் இல்லை. விஷயத்தைப் போட்டுக்கொடுத்ததே அவர்கள்தான்!

அதற்கும் முன்னால் பல்பு கதை. 1924 கடைசியில் ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலான கம்பெனிகள் ஜெனீவாவில் கூட்டு சேர்ந்து, பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று வரையறுத்தன. கூடுதலாக எரியும் பல்பு செய்த கம்பெனி அபராதம் கட்டியது. (இழை நீண்ட நாள் தாங்கினால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும் என்பதும் உண்மை. 1951-இல் பிரிட்டிஷ் விசாரணைக் குழு அதையும் பதிவு செய்தது.) ஸ்வீடனின் கூட்டுறவுக்காரர்கள் சொந்தத் தொழிற்சாலை போட்டு மலிவாக பல்பு விற்றார்கள். அதைத் தடுக்க அந்தக் கூட்டணியால் முடியவில்லை.

ஆக, தங்கள் கையில் இருப்பதைத் தாமதப்படுத்த கம்பெனிகளால் முடிகிறது, அதுவும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை. உங்களிடம் வந்தவர் சொல்வது வேறு ரகம். பாதி டீசலை மிச்சப்படுத்தும் பெட்டியை உலகம் முழுக்க ஒருவர்கூட விற்காமல் தடுப்பது எந்த எண்ணெய் கம்பெனிக்கும் ஆகாத காரியம். லாரி தயாரிக்கும் கம்பெனிகளும் மைலேஜைச் சொல்லித்தான் வண்டி விற்கின்றன. கிடைத்தால் விடுவார்களா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். கிட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து, பேட்டரிக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து, ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது இன்ஜின். 100 ரூபாய் டீசலில் இன்ஜின் தண்டுக்கு வந்து சேர்வது சுமார் 40 ரூபாய். ஆல்டர்னேட்டரில் அது 24 ஆகும். தண்ணீரைப் பிரித்து முடிக்கும்போது ஹைட்ரஜனாகக் கையில் நிற்பது 15 ரூபாய் அளவுதான். அந்த ஹைட்ரஜனைத் திரும்ப அதே இன்ஜினில் எரித்தால் அதிலும் பாதிக்கு மேல் சூடாகப் போய்விடும்.

பேட்டன்ட் சான்றிதழைப் பார்த்து அசந்துவிட வேண்டாம். ஒரு யோசனை புதியதா என்றுதான் பேட்டன்ட் அலுவலகம் முக்கியமாகப் பார்க்கிறது. மைலேஜை ஓட்டிப் பார்த்து அளப்பதில்லை. அமெரிக்காவில் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயரிடமும் பேட்டன்ட்கள் இருந்தன. 1996-இல் ஒஹையோ நீதிமன்றம் அது அப்பட்டமான மோசடி என்று சொல்லி, முதலீட்டாளர்கள் இருவருக்கு 25,000 டாலரைத் திருப்பித் தர உத்தரவிட்டது. இங்கே மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுத்ததாக ராமர் பிள்ளை கிளப்பிய பரபரப்பும் அதே வருடம்தான்.

“பேட்டன்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள்” என்பார் உங்களிடம் வந்தவர். பேட்டன்ட் விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும், யாரும் படிக்கலாம். உரிமையும் 20 வருடத்துக்குத்தான். நம் நாட்டில் பேட்டன்ட் கிடைத்து மூன்று வருடமாகியும் மக்களுக்கு நியாயமான விலையில் பொருள் கிடைக்கவில்லை என்றால், வேறொருவர் கட்டாய உரிமம், அதாவது பேட்டன்ட்காரரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி, கேட்கலாம். பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு 2012-இல் நம் நாட்டு மருந்துக் கம்பெனி நாட்கோ அப்படித்தான் உரிமம் வாங்கியது. மாதம் 2.8 லட்சமாக இருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.

டீலர்ஷிப் தருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வண்டிகளைச் சோதிக்கும் புனேயின் ஏஆர்ஏஐ அல்லது நம் ஒரகடத்து ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சி மையத்தின் சோதனை அறிக்கை, இந்தக் கிட்டின் பெயரில். “உங்கள் வண்டியிலேயே மாட்டிக் காட்டுகிறேன்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிட் மாட்டியதும் டிரைவர் மெதுவாக மிதிப்பார், மைலேஜ் கூடத்தான் செய்யும். வண்டியின் வாரண்டி போகும், எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் கேள்வி வரும்.

முன்பண விஷயத்தில் தாமதிக்காதீர்கள். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் இப்போதே சேமித்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். டீலர்ஷிப் வியாபார நோக்கம் என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்வது கடினம். வக்கீல் நோட்டீஸ்தான் அடுத்த படி. அதற்கும் பதில் வராவிட்டால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம்.