டேப்லெட் வாங்கும்போது பெயருக்கும் ஆரம்ப விலைக்கும் முன்னால் ஸ்டோரேஜைப் பாருங்கள்

கேள்வி: புதிய டேப்லெட்டுகளுக்கு ஏன் இப்படிக் குழப்பமாகப் பெயர் வைக்கிறார்கள்? விளம்பரத்தில் ஒரு விலை, கடையில் நாம் கடைசியாகக் கொடுப்பது வேறு விலை, ஏன்? 128 ஜிபி போதுமா, 10,000 ரூபாய் கூடக் கொடுத்து 256 ஜிபிக்குப் போக வேண்டுமா?

மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. பெயரையும் ஆரம்ப விலையையும் பார்த்துத்தான் நாம் கடைக்குப் போகிறோம். எவ்வளவு கொடுக்கப் போகிறோம், வாங்கிய டேப் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஸ்டோரேஜ்தான். அதைப் பற்றிக் கடையில் யாரும் நின்று விளக்குவதில்லை. கணினி, டேப் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: "ஸ்லோ ஆயிடுச்சு, என்னன்னு பாருங்க" என்று என்னிடம் வருகிற டேப்களில் நிறைய பழுதானவையே அல்ல. இடம் தீர்ந்து போனவை.

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2010 ஜனவரி 27 அன்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகம் செய்தபோது 499 டாலர் என்ற எண் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அது 16 ஜிபியின் விலை. 32 ஜிபி 599, 64 ஜிபி 699. சிம் போடும் வசதி வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் மேலே 130 டாலர். 2013 ஜனவரியில் 128 ஜிபி ஒன்றைச் சேர்த்தார்கள், 799. கணக்கை உற்றுப் பாருங்கள். முதல் 100 டாலருக்கு 16 ஜிபி கூடுகிறது, அடுத்த 100-க்கு 32, அதற்கடுத்த 100-க்கு 64. ஒரே மாடலுக்குள் திரை, பேட்டரி எதுவும் மாறவில்லை. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் மெமரி மட்டும்தான் வேறு. அந்தச் சில்லின் விலை இந்தப் படிகளின்படி ஏறுவதில்லை. படி ஏற ஏற லாபம் ஏறுகிறது. கீழ்ப்படி விளம்பரத்துக்கு, மேல்படிகள் சம்பாத்தியத்துக்கு.

இதைவிட முக்கியமானது, நடுப்படியை எடுத்துவிடும் வேலை. 2014-இல் ஐபேட் ஏர் 2 வந்தபோது 16, 64, 128 என்று மூன்று அளவுகள் இருந்தன. 32 இல்லை. 64-க்கு விலையைக் குறைத்தார்களே என்று அப்போது பலர் பாராட்டினார்கள், அது உண்மையும்தான்: முந்தைய வருஷம் 32 ஜிபிக்குக் கொடுத்த அதே 599 டாலருக்கு 64 கிடைத்தது. ஆனால் 16 அப்படியே நின்றது. 2010-இல் 16 ஜிபி ஏதோ தாங்கியது. 2012-இல் ரெட்டினா திரை வந்து, நான்கு மடங்கு புள்ளிகளுக்கு ஏற்ப செயலிகளின் படங்கள் பெரிதாகி, செயலிகளே ஊதிப் போன பிறகும் அதே 16 விற்பனையில் இருந்தது. 2014 செப்டம்பரில் ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வெளியானபோது, டேப்பிலிருந்தே நேரடியாக அப்டேட் செய்ய 5 ஜிபிக்கு மேல் காலி இடம் கேட்டது. 16 ஜிபி வைத்திருந்தவர்கள் போட்டோக்களை அழித்துவிட்டுத்தான் அப்டேட் போட முடிந்தது. 2016-இல்தான் ஐபேடின் ஆரம்ப அளவு 32 ஆனது. ஆறு வருஷம்!

அதே உத்தி பிறகும் வந்தது. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் 64, 256 இரண்டே இரண்டு. இந்தியாவில் 64 ஜிபி 44,900 ரூபாய், 256 ஜிபி 59,900 ரூபாய். சாதாரணக் குடும்பத்துக்குச் சரியாகப் பொருந்தும் 128 அதில் இல்லவே இல்லை. போதாததை வாங்கு, இல்லாவிட்டால் 15,000 ரூபாய் கூடக் கொடுத்துத் தேவைக்கு மேல் வாங்கு. வேறு வழி கிடையாது. இதை வாங்குபவரின் தேர்வு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2025 மார்ச்சில் ஏ16 சிப்போடு வந்த ஐபேடில் ஆரம்பமே 128 ஜிபி, அறிமுக விலை 34,900. இதை மனதார வரவேற்கிறேன். 256 ஜிபிக்கு 44,900. நீங்கள் கேட்ட அந்த 10,000 ரூபாய் வித்தியாசம் இதிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது சில்லின் விலை அல்ல, 2010-இல் போட்ட அந்த 100 டாலர் படியின் தொடர்ச்சி. ஒரு படிக்கு அன்று 16 ஜிபி, இன்று 128 ஜிபி.

ஸ்டோரேஜை ஏற்றினால் மற்றதும் மாறுகிற மாடல்களும் உண்டு. 2024 மே மாதம் எம்4 சிப்போடு வந்த ஐபேட் ப்ரோவில் 256, 512 ஜிபி வாங்கினால் 8 ஜிபி ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக மெமரி), ப்ராசஸரில் 9 கோர் (கணக்கிடும் பகுதி). 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) அல்லது 2 டிபி வாங்கினால் 16 ஜிபி ரேம், 10 கோர். வெளிச்சத்தை அதிகம் பிரதிபலிக்காத நானோ டெக்ஸ்சர் கண்ணாடி வேண்டுமென்றாலும் 1 டிபிக்குப் போக வேண்டும். அறிமுகத்தின்போது 11 அங்குலத்தில் 256 ஜிபி 999 டாலர், 1 டிபி 1,599 டாலர். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், பெட்டியும் அதே மாதிரிதான். வீடியோ எடிட்டிங்குக்கு ரேம் வேண்டும், ஃபைல்களை வெளியே இணைக்கும் எஸ்எஸ்டி டிரைவில் வைத்துக்கொள்கிறேன் என்கிறவர்கூட 1 டிபிக்குப் பணம் கட்டியாக வேண்டும். பெயரை மட்டும் வைத்து "ப்ரோ வாங்கிட்டேன்" என்று சொன்னால் எந்த ப்ரோ என்று தெரியாது.

இப்போது பெயர்.

2012 மார்ச் 7-க்கு முன்பு எல்லோரும் ஐபேட் 3 வருமா, ஐபேட் எச்டி வருமா என்று அடித்துக்கொண்டார்கள். வந்தது வெறும் "புதிய ஐபேட்". ஏன் எண் இல்லை என்று கேட்டவர்களுக்கு, எளிதில் ஊகிக்கும்படி இருக்க விரும்பவில்லை என்ற பொருளில் ஆப்பிளின் மார்க்கெட்டிங் தலைவர் பில் ஷில்லர் பதில் சொன்னார். அதே வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி அடுத்தது வந்துவிட்டது. ஏழு மாதம் ஆன "புதிய ஐபேட்" பழைய ஐபேட் ஆனது, சார்ஜ் செய்யும் முனைகூட மாறியது. எண்ணை எடுத்துவிட்டால் கஷ்டம் புதிதாக வாங்குபவருக்கு அல்ல. இரண்டாம் கையாக வாங்குபவருக்கும், டிஸ்ப்ளே மாற்ற வருபவருக்கும், கவர் தேடுபவருக்கும்தான். "ஐபேட்தான் சார், எந்த ஐபேட்னு தெரியல" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெயர் அப்படி.

அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவே எவ்வளவு செலவானது என்பது தனிக் கதை. ஃபுஜிட்சு நிறுவனம் அதே பெயரில் கடைகளுக்கான கைக்கருவி ஒன்றை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. சீனாவில் ப்ரோவியூ என்ற மானிட்டர் நிறுவனத்திடம் அந்தப் பெயர் பதிவாகியிருந்தது. அதன் தைவான் கிளையிடம் 35,000 பவுண்டுக்கு ஆப்பிள் தரப்பு உரிமையை வாங்கியது. ஆனால் சீன உரிமை ஷென்சென் நிறுவனத்திடம் இருக்கிறது, அது இந்த விற்பனையில் சேராது என்று வழக்கு வந்தது. கடைசியில் 2012 ஜூலையில் 6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பெயரின் மதிப்பு நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே பெயர்க் குழப்பம் கவனக்குறைவால் வருகிறது என்பதை நான் நம்பவில்லை.

ஏர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் 469 கிராமில் வந்தபோது அது பொருந்திய பெயர். 2024-இல் 13 அங்குல ஏர் 617 கிராம், அதே அளவு ப்ரோ 579 கிராம். ப்ரோதான் மெல்லியது, ப்ரோதான் எடை குறைவு. ஏர் என்பது இப்போது விலை வரிசையில் நடுவில் இருப்பதைக் குறிக்கும் அடையாளம், அவ்வளவுதான்.

சாம்சங் பக்கம் வேறு மாதிரி. டேப் எஸ்6 லைட் 2020-இல் வந்தது. 2022-இல் வேறு ப்ராசஸருடன் அதே பெயரில் வந்தது. 2024-இல் மறுபடியும் வேறு ப்ராசஸருடன் அதே பெயர். ஆன்லைனில் "எஸ்6 லைட்" என்று தேடினால் மூன்றும் கலந்து வரும். வைஃபை மாடல் என்றால் எஸ்எம்-பி610, எஸ்எம்-பி613, எஸ்எம்-பி620 என்ற மாடல் எண்தான் அடையாளம். முதலாவதுக்கும் கடைசிக்கும் நான்கு வருஷ இடைவெளி. எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்பது அதைப் பொறுத்தது. எஸ்10 வரிசையில் ப்ளஸ், அல்ட்ரா, எஃப்இ, லைட் எல்லாம் உண்டு, வெறும் எஸ்10 மட்டும் இல்லை.

பெயர், விலை, ஸ்டோரேஜ் மூன்றும் ஒரே பொருளில் கெட்டுப் போனதற்கு மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டி நல்ல உதாரணம். சர்ஃபேஸ் என்ற பெயர் 2007-இல் மேஜை அளவு தொடுதிரைக் கணினிக்கு வைத்தது. 2012-இல் அதற்கு பிக்சல்சென்ஸ் என்று பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரை டேப்லெட்டுக்குக் கொடுத்தார்கள். கூடவே "விண்டோஸ் ஆர்டி" என்று ஒன்று. பார்த்தால் விண்டோஸ் போலவே இருக்கும், நம் பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. ஆர்டி என்ற இரண்டு எழுத்து அதை யாருக்கும் சொல்லவில்லை. விலை 499 டாலர், கீபோர்டு கவரோடு 599. ஸ்டோரேஜ் 32 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தது. அதில் நமக்கு மிஞ்சியது சுமார் 16 ஜிபி. பாதி! 32 என்பது ஆயிரத்தின் கணக்கு, விண்டோஸ் 1024-இன் கணக்கில் எண்ணுவதால் அதுவே 29-க்கு இறங்கும். மீதியை இயங்குதளம், ஆஃபிஸ், மீட்புப் பகுதி எல்லாம் எடுத்துக்கொண்டன. கலிபோர்னியாவில் ஒருவர் இதற்காக வழக்கே போட்டார். 2013 ஜூலையில் விலையை 150 டாலர் குறைத்தார்கள், 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள்.

மலிவு டேப்களிலும் இதுவேதான் நடந்தது. 2012-இல் கூகிளின் நெக்சஸ் 7 டேப் (8 ஜிபி) 199 டாலர் என்று வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மெமரி கார்டு போட இடம் கிடையாது. நான்கு மாதத்தில் 8 ஜிபியை நிறுத்திவிட்டு 199-க்கு 16 ஜிபி கொடுத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் 8 ஜிபியோடு நின்றார்கள். அதில் இடம் நிறைய நிறைய வேகமும் படுத்துப் போகும். இது நெக்சஸுக்கு மட்டும் உரிய குறை அல்ல. ஃபிளாஷ் மெமரியில் எழுத, காலியான பகுதிகள் தேவை. நிறைந்துவிட்டால் பழையதை நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கிறது. கூட்டம் நெருக்கும் பஸ்ஸில் ஒருவர் இறங்க பத்துப் பேர் நகர வேண்டியது போல. மலிவு டேப்களில் இருக்கும் இஎம்எம்சி வகை மெமரி ஏற்கெனவே வேகம் குறைந்தது, அதனால் அங்கே இது சீக்கிரம் தெரியும். இன்னொன்று, "8 ஜிபி + 8 ஜிபி ரேம்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது 8 ஜிபி ரேம் அல்ல. உங்கள் ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்து ரேம் போலப் பயன்படுத்துவது. 64 ஜிபி டேப்பில் அதைப் போட்டுவைத்தால் இடமும் போகும், வேகமும் கிடைக்காது. செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். சினிமா, பாட்டு, பிடிஎஃப், போட்டோ வைக்க அது நல்லது. அந்த வசதி இருந்தால் நிச்சயம் அதற்கு மதிப்பு கொடுங்கள். ஆனால் பெரும்பாலான டேப்களில் செயலிகள் உள் மெமரியில்தான் உட்காரும். கோச்சிங் செயலிகள் பலவற்றில் டவுன்லோட் செய்த வகுப்பும் அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டியிருக்கும், கார்டுக்கு நகராது. பிள்ளைகள் நீட், ஜேஇஇ வகுப்புகளை டவுன்லோட் செய்து பார்க்கிற வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். ஒரு மணி நேர வகுப்பு, தரத்தைப் பொறுத்து, அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை பிடிக்கும். தினமும் மூன்று நான்கு பாடம் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சரி, 128 போதுமா? இயங்குதளம் போக 100 ஜிபி அளவில் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபை இருக்கிறது, யூடியூப், படம், படிப்பு, கொஞ்சம் குறிப்பெடுப்பது என்றால் தாராளமாகப் போதும். 10,000 ரூபாயை மிச்சப்படுத்தி நல்ல கவரும் பென்சிலும் வாங்குங்கள். நிறைய வகுப்புகளை டவுன்லோட் செய்யும் மாணவர், டேப்பிலேயே வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுபவர், ஐந்து வருஷத்துக்கு மேல் மாற்றப் போவதில்லை என்று முடிவெடுத்தவர், இவர்கள் 256-க்குப் போகலாம். ஐபேடில் கார்டு போட வழியில்லை, பின்னால் ஸ்டோரேஜைக் கூட்டவும் முடியாது என்பதால் அங்கே இதை இரண்டு தடவை யோசியுங்கள். 64 ஜிபியை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், 2020-க்குப் பிந்தைய எந்த டேப்பிலும் முதன்மைக் கருவியாக வாங்காதீர்கள். கடை பில்லிங், பள்ளியில் ஒரே செயலி ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு மட்டும் அது சரி. அங்கே குறைந்த விலை உண்மையிலேயே உதவி.

கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: மாடல் எண் என்ன, டெமோ டேப்பில் செட்டிங்ஸைத் திறந்து காலி இடம் எவ்வளவு என்று காட்டுங்கள், இதற்கு அடுத்த அளவு என்ன விலை. மூன்றாவதன் வித்தியாசத்தைக் கூடுகிற ஜிபியால் வகுத்துப் பாருங்கள். அதே விலைக்கு அருகில், போன வருஷத்து மேல் மாடல் கூடுதல் ஸ்டோரேஜோடு கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். பல நேரம் கிடைக்கும், விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார்.