ஹங்கேரி பாதுகாப்பான நாடு என்றால் ரோமா குடும்பத்தின் அகதிக் கோரிக்கை என்னவாகும்?

கேள்வி: நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்னோடு நிற்கும் ஒரு பெண் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரிலிருந்து வந்த ரோமா இனத்தவர், அதாவது ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் ஒரு சிறுபான்மை இனத்தவர். கணவரும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அகதிக் கோரிக்கை கொடுத்து, இப்போது விசாரணைத் திகதியும் வந்துவிட்டது. "ஹங்கேரி பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் இருக்கிறது, அப்பீலும் இல்லை, எப்படியும் திருப்பி அனுப்புவார்கள்" என்று கண்டவர் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். அவருடைய படிவத்தில் எழுதியிருக்கும் கதை ஒரு பக்கம்கூட இல்லை. இதில் எது உண்மை? என்னால் ஏதும் செய்ய முடியுமா?

பதில்: அந்தப் பட்டியல் இன்று நடைமுறையில் இல்லை. 2019 மே 17 அன்று கனடா அரசு அதிலிருந்த எல்லா நாடுகளையும் நீக்கிவிட்டது. உங்கள் தோழி விசாரணையில் தோற்றாலும் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழி, வெறும் ஹங்கேரிக்காரர் என்பதற்காக அடைபடாது. ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் உலவுவதற்குக் காரணம் இருக்கிறது.

2012 டிசம்பர் 15 அன்று புதிய அகதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 27 நாடுகளை "பாதுகாப்பானவை" என்று குடிவரவு அமைச்சர் அறிவித்தார். ஹங்கேரியும் செக் குடியரசும் அதில் இருந்தன. அந்த நாட்டவர்களுக்கு விசாரணை சில வாரங்களிலேயே வரும். மேன்முறையீடு கிடையாது. 180 நாட்களுக்கு வேலை அனுமதி கிடையாது. தோற்றால், நாடுகடத்தும் முன் ஆபத்தை மதிப்பிடும் விண்ணப்பத்தைக் கொடுக்க 36 மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். எண்ணிக்கையை வைத்து ஒரு நாட்டைப் பட்டியலில் சேர்க்கும் முறை இன்னும் மோசம். ஒரு நாட்டவரின் கோரிக்கைகளில் நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் கைவிடப்பட்டோ திரும்பப் பெறப்பட்டோ இருந்தாலே போதும். வழிகாட்ட ஆளில்லாமல், சரியான சட்டத்தரணி கிடைக்காமல் கோரிக்கையைக் கைவிட்டுப் போன குடும்பங்களும், நாடு பாதுகாப்பானது என்பதற்கான சாட்சியாகிவிட்டன. 2013 ஜனவரியில் கனடா அரசு மிஷ்கோல்ட்ஸ் நகரிலேயே விளம்பரப் பலகை வைத்தது: ஆதாரமற்ற கோரிக்கையோடு வந்தால் விரைவில் திருப்பி அனுப்புவோம் என்று. உங்கள் தோழியின் ஊர்க்காரர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை நீதிமன்றங்கள் துண்டு துண்டாகக் கழற்றின. மேன்முறையீட்டுத் தடை சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று 2015 ஜூலையில் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 36 மாதத் தடை 2019இல் விழுந்தது, அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் ஹங்கேரி ரோமாக்கள்தான். இன்னும் பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1998இல், அகதிக் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்மானிக்கும் குடிவரவு அகதிகள் சபை இரண்டு ஹங்கேரி ரோமா குடும்பங்களின் கோரிக்கைகளை "முன்மாதிரி வழக்கு" என்று எடுத்து, பின்னர் நிராகரித்தது. அதன்பின் மற்ற ஹங்கேரி கோரிக்கைகள் வெற்றிபெறும் விகிதமும் சரிந்தது. கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே இது நடந்ததோ என்று ஐயப்பட நியாயம் இருக்கிறது எனச் சொல்லி, 2006இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவுகளை ரத்துச் செய்தது. சரி, இதெல்லாம் வரலாறு. ஆனால் உங்கள் தோழி பயப்படுவது ஆதாரமில்லாத பயம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி விசாரணைக்கு வருவோம். ஹங்கேரி ஜனநாயக நாடா, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறதா என்பது பின்னணி மட்டும்தான். அந்த மேசையில் தீர்மானிக்கப்படும் கேள்வி வேறு: இந்தப் பெண்ணுக்கு ஆபத்து வந்தபோது அவருடைய அரசு அவரைக் காப்பாற்றியதா, இனிக் காப்பாற்றுமா? தன் குடிமக்களை ஒரு நாடு பாதுகாக்கும் என்ற ஊகத்தோடுதான் கனடாச் சட்டம் தொடங்குகிறது. உச்ச நீதிமன்றம் 1993இல் அப்படித்தான் வகுத்தது. தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் கொடுத்து அந்த ஊகத்தை உடைக்க வேண்டிய பொறுப்பு கோரிக்கையாளருடையது. ஜனநாயக நாடு என்றால் உடைப்பது கடினம், முடியாத காரியமல்ல. அரசு திட்டம் போடுகிறது, முயற்சி எடுக்கிறது என்பது போதாது, இன்று களத்தில் என்ன பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஹங்கேரி வழக்குகளிலேயே சமஷ்டி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஹங்கேரியில் ஆதாரம் இரண்டு பக்கமும் இழுக்கும். 2008, 2009இல் ரோமாக்களைக் குறிவைத்த தொடர் தாக்குதல்களில் 6 பேர் கொல்லப்பட்டார்கள். தலைநகர் புடாபெஸ்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் வீட்டுக்குத் தீ வைத்து, வெளியே ஓடிவந்த தந்தையையும் 5 வயது மகனையும் சுட்டார்கள். உள்ளூர் அதிகாரிகள் முதலில் அதை மின்கசிவுத் தீ என்றார்கள். ஆனால் அதே அரசு பிறகு நான்கு பேரைப் பிடித்து, 2013இல் தண்டனையும் வாங்கிக் கொடுத்தது. விசாரிக்கும் சபை உறுப்பினர் இரண்டாவது பாதியை வாசித்துக் காட்டக்கூடும், சட்டத்தரணி முதல் பாதியோடு தயாராக இருக்க வேண்டும். பள்ளிக்கூட விஷயமும் அப்படியே. ரோமாப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளில் சேர்த்ததற்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் செக் குடியரசையும் 2013 ஜனவரியில் ஹங்கேரியையும் குற்றம் கண்டது.

ஆகவே அந்த ஒரு பக்கக் கதை போதவே போதாது. "எங்களை எல்லோரும் வெறுத்தார்கள்" என்ற வரியால் பயனில்லை. எந்த வருடம், எந்தத் தெரு, யார், என்ன செய்தார்கள்? பொலிஸுக்குப் போனாரா? போனால் என்ன சொன்னார்கள், முறைப்பாட்டை எழுதினார்களா, பிறகு என்ன நடந்தது? போகவில்லை என்றால் ஏன்? முன்பு போய் அவமானப்பட்ட அனுபவம் இருக்கிறதா, அண்டைவீட்டார் போய் அடிவாங்கினார்களா? இங்கேதான் பெரும்பாலான ரோமா கோரிக்கைகள் வெல்லும் அல்லது தோற்கும். வேலை மறுப்பு, வீட்டைவிட்டு வெளியேற்றம், பிள்ளைகளைத் தனி வகுப்பில் போட்டது என்று தனித்தனியாகப் பார்த்தால் "பாகுபாடு மட்டுமே" எனத் தள்ளிவிடலாம். எல்லாம் சேர்ந்து துன்புறுத்தல் அளவுக்கு வருகிறதா என்று பார்க்கும் கடமை சபைக்கு உண்டு. அதற்கு எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும்.

படிவத்தைத் திருத்தலாம். மாற்றிய, சேர்த்த இடங்களுக்கு அடிக்கோடிட்டு, கையொப்பமும் திகதியும் இட்டு, உண்மை என்ற உறுதிமொழியோடு விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்னராவது சபைக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், நேர்மையான காரணம் தயாராக இருக்கட்டும். மருத்துவச் சிட்டை, பொலிஸ் முறைப்பாட்டு நகல், பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகள், வெளியேற்றக் கடிதம், உறவினரின் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அதே 10 நாள் கெடுதான். ஹங்கேரி மொழியில் இருப்பவற்றை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு கொடுக்க வேண்டும். ரோமா என்பதையே நிரூபிக்கச் சொல்லக்கூடும். அங்குள்ள ரோமாச் சிறுபான்மை உள்ளூராட்சி அமைப்பின் கடிதம் அதற்கு உதவும். விசாரணையில் பேசுவதை மொழிபெயர்ப்பவர் இலவசம், எந்த மொழி என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.

"புடாபெஸ்டுக்குப் போய் வாழலாமே" என்ற கேள்வி அநேகமாக வரும். இது நம்மவர்களுக்கும் பழக்கமான கேள்விதான். "கொழும்பில் இருக்கலாமே" என்று கேட்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில்தான், வேறிடம் என்பது பாதுகாப்பாக மட்டுமின்றி அந்த மனிதர் போய் வாழ்வது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1993இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. ரோமாச் சட்டத்தரணிகள் இன்றைக்கும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அப்புறம், அந்த ஒரு பக்கக் கதையை யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். ரொறன்ரோவில் ரோமாக் கோரிக்கைகளை மொத்தமாக எடுத்து, ஒழுங்காகத் தயாரிக்காமல் விட்ட சில சட்டத்தரணிகள்மீது ஒன்ராறியோவின் சட்டத்தரணிகள் சங்கம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கிறது. சட்டத்தரணியைச் சந்திக்காமல், மொழிபெயர்ப்பாளரே எல்லாவற்றையும் எழுதியிருந்தால் உடனே ஆளை மாற்றுவது நல்லது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பு அகதி வழக்குகளை ஏற்கிறது. சட்டமும் அடிக்கடி மாறுகிற துறை இது, தொழிற்சாலை மதிய இடைவேளையில் கேட்டதை நம்ப வேண்டாம், நான் எழுதியதையும் சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபாருங்கள்.

நீங்கள் சாட்சி சொல்லப் போக வேண்டாம். ஹங்கேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. மூடிய விசாரணைதான், என்றாலும் சபை அனுமதித்தால் ஆதரவுக்கு ஒருவர் உடனிருக்கலாம். இப்போது பெரும்பாலும் காணொளியில்தான் நடக்கிறது. சத்தமில்லாத அறையும் ஒழுங்கான இணையமும் இல்லாத வீடு என்றால், அதை ஏற்பாடு செய்து, அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரிய உதவி. முடிவு சாதகமில்லை என்று கடிதம் வந்தால் அன்றே சட்டத்தரணியைக் கூப்பிடச் சொல்லுங்கள். எழுத்துமூலக் காரணங்கள் கையில் கிடைத்து 15 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுத்தாக வேண்டும்.